கேமிங் கணினி: பிராண்டட்டா, அசெம்பிள்டா? பெற்றோர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிள்ளைக்குக் கேமிங் கணினி வாங்கித் தர ஒப்புக்கொண்ட பெற்றோர்களுக்கு,

கேமிங் கணினி ஒரு வீட்டுக்கு மூன்று வழிகளில் வந்து சேர்கிறது. நிறுவனம் ஒன்று தன் தொழிற்சாலையில் பூட்டி, தன் பெயரைப் பொறித்து, ஒரே பெட்டியாக விற்பது முதல் வழி. கடைக்காரர்கள் இதை ‘பிராண்டட்’ என்பார்கள். பாகங்களைத் தனித்தனியாக வாங்கி, வாங்கியவரே வீட்டில் உட்கார்ந்து பூட்டிக்கொள்வது இரண்டாவது. இரண்டுக்கும் நடுவே தமிழ்நாட்டில் பரவலாகப் புழங்கும் மூன்றாவது வழி ஒன்று உண்டு: பாகங்களின் பட்டியலைக் கொடுத்தால் கடையே பூட்டித் தருவது. சென்னை ரிச்சி தெருவில் ‘அசெம்பிள்டு சிஸ்டம்’ என்று கேட்டால் கிடைப்பது இதுதான். வெளிநாட்டுக் காணொளிகள் முதல் இரண்டை மட்டும் எதிரெதிரே நிறுத்திப் பேசுகின்றன. அதைப் பார்த்துவிட்டுப் பிள்ளை ‘நானே பூட்டுவேன்’ என்று நிற்கிறான். ‘கம்பெனிப் பொருள்தான் நாலு வருஷம் உழைக்கும்’ என்று வீட்டில் பதில் வருகிறது. இருவர் சொல்வதிலும் பாதி சரி.

வீடுகளில் மொத்தமாக ‘சிபியு’ என்று சொல்லப்படும் பெட்டியின் சரியான பெயர் கேபினட். அதற்குள் பிராசஸர், மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு, இவை அனைத்துக்கும் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் ஆகியவை இருக்கின்றன. அலுவலகக் கணினிக்குக் கிராபிக்ஸ் கார்டு தேவையே இல்லை. கேமிங் கணினியிலோ மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை அதற்கே போவது வழக்கம். ஒரு கணினியின் விலைப்பட்டியலில் அந்தக் கார்டுக்கு ஒதுக்கிய தொகை இதைவிட மிகவும் குறைந்திருந்தால், மற்றப் பாகங்கள் எவ்வளவு உயர்ந்தவையாக இருந்தாலும் அது விளையாட்டுக்கான கணினி அல்ல.

பாகங்களை வாங்கிப் பூட்ட முடிகிறது என்பதற்கே ஒரு வரலாறு இருக்கிறது. 1981இல் ஐபிஎம் நிறுவனம் தன் பெர்சனல் கம்ப்யூட்டரைப் பெரும்பாலும் வெளியார் தயாரித்த பாகங்களைக் கொண்டு செய்தது; அதன் தொழில்நுட்ப விவரங்களையும் வெளியிட்டது. மற்றவர்கள் அதனுடன் பொருந்தும் பாகங்களைச் செய்யத் தொடங்கியதும் ஒரு சந்தையே உருவானது. 1995இல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்னும் அளவுமுறையைக் கொண்டுவந்தது. மதர்போர்டின் நீள அகலம், திருகுத் துளைகள் எங்கே அமைய வேண்டும், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து எந்தக் கம்பி எந்த முனைக்கு வர வேண்டும் என்பவை அதில் வரையறுக்கப்பட்டன. தைவானில் செய்த மதர்போர்டு இன்னொரு நாட்டில் அடித்த கேபினட்டில் துளைக்குத் துளை பொருந்துவது அதனால்தான்.

பெரிய நிறுவனங்கள் எல்லா நேரமும் இந்த அளவுமுறையை மதிப்பதில்லை. 1990களின் பிற்பகுதியில் டெல் நிறுவனத்தின் பல கணினிகளில், பார்வைக்கு ஏடிஎக்ஸ் போலவே இருந்தாலும் கம்பிகள் வேறு வரிசையில் அமைந்த மின் இணைப்பு இருந்தது. கடையில் வாங்கிய சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸை அதில் மாட்டினால் போர்டு போய்விடும். அந்தக் குறிப்பிட்ட விபத்து பழங்கதை. ஆனாலும் தங்களுக்கே உரிய வடிவில் மதர்போர்டு, தங்கள் பெட்டிக்கு மட்டுமே பொருந்தும் எஸ்எம்பிஎஸ் என்று செய்யும் பழக்கம் பிராண்டட் கணினிகளில் இன்றும் இருக்கிறது. வாங்கிய அன்று இதனால் எந்தத் தொல்லையும் இல்லை. நான்காவது ஆண்டில் புதிய கார்டு போட நினைக்கும்போதுதான் பிரச்சினை தலைதூக்கும். புதிய கார்டுக்கு மின்சாரம் போதாது. பெரிய எஸ்எம்பிஎஸ் மாட்ட இடம் இருக்காது. கேபினட்டை மாற்றலாம் என்றால் மதர்போர்டு வேறு கேபினட்டில் உட்காராது.

பொது அளவுமுறையில் வாங்கியவருக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு பிராசஸர் செய்யும் ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 சாக்கெட் (மதர்போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்) நல்ல எடுத்துக்காட்டு. 2017இல் முதல் தலைமுறை ரைசன் பிராசஸருடன் வாங்கிய மதர்போர்டுகள் பலவற்றில், அவற்றின் தயாரிப்பாளர் தரும் பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) புதுப்பிப்பைச் செய்துகொண்டு, 2022இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி பிராசஸரை மாட்ட முடிந்தது. ஐந்து ஆண்டு கழித்தும் மாற்றியது ஒரே ஒரு பாகம். பிராண்டட் கணினியின் போர்டுக்கு அப்படிப்பட்ட புதுப்பிப்பு வருமா, வராதா என்பதை அந்த நிறுவனம்தான் தீர்மானிக்கும். வாங்கியவர் கையில் எதுவும் இல்லை.

விலைக்கு வந்தால், இந்தியாவில் முழுக் கணினிக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம், பாகங்களுக்கும் 18 சதவீதம். எனவே வரியால் எந்தப் பக்கமும் லாபமில்லை. சாதாரணக் காலத்தில், ஒரே பாகங்களை வைத்துக் கணக்குப் போட்டால், தனித்தனியாக வாங்குவது மலிவாக வரும். பிராண்டட் பெட்டிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் முழுவதும் வீண் என்று சொல்லிவிட முடியாது. அதில் உரிமம் பெற்ற விண்டோஸ் இருக்கிறது. வீட்டுக்கே வந்து பழுது பார்க்கும் சேவை பல மாடல்களுக்கு உண்டு. அசெம்பிள்டு சிஸ்டத்தின் விலையைச் சொல்லும்போது விண்டோஸுக்கான தொகையைப் பலரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். கடைக்காரர் இலவசமாகப் போட்டுத் தருவது பெரும்பாலும் திருட்டுப் பிரதி. அதைப் போட்டுக்கொண்டு ‘இருபதாயிரம் மிச்சம்’ என்று சொல்வது நேர்மையான கணக்கு அல்ல.

சாதாரணக் காலம் என்று குறிப்பிடக் காரணம் உண்டு. 2020இன் இறுதியிலிருந்து 2022 வரை கிராபிக்ஸ் கார்டுகளுக்குப் பெரும் தட்டுப்பாடு நிலவியது. சிப் உற்பத்தி தேவைக்கு ஈடுகொடுக்கவில்லை. வந்த கார்டுகளையும் ஈதீரியம் என்ற மெய்நிகர் நாணயத்தைத் ‘தோண்டுபவர்கள்’ அள்ளிக்கொண்டு போனார்கள். அறிவித்த விலைக்கு இரு மடங்கு கொடுத்தால்தான் கார்டு கிடைக்கும் என்ற நிலையில், ஒப்பந்த விலையில் மொத்தமாக வாங்கி வைத்திருந்த நிறுவனங்களின் முழுக் கணினியே மலிவாக வந்தது. கார்டுக்காகவே கணினி வாங்கியவர்களும் இருந்தார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று ஈதீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டதும் கார்டுகளைக் கொண்டு அந்த நாணயத்தைத் தோண்டும் வேலை நின்றுபோனது. உழைத்துத் தேய்ந்த கார்டுகள் பழைய பொருள் சந்தையில் குவிந்தன. 2025இன் கடைசி மாதங்களில் இதே கதை ரேமில் நடந்தது. செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் நினைவகச் சிப்புகளை வாரிக்கொண்டதால் ரேம் விலை சில மாதங்களிலேயே இரட்டிப்புக்கும் மேலே ஏறியது. குரூஷியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு ரேமும் எஸ்எஸ்டியும் விற்றுவந்த மைக்ரான் நிறுவனம், அந்த வணிகத்திலிருந்தே விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. இப்படிப்பட்ட மாதங்களில் ‘பூட்டினால் மலிவு’ என்ற பழைய பாடம் செல்லாது. வாங்கும் வாரத்தின் விலையை இரு பக்கமும் எழுதிப் பார்ப்பது ஒன்றே வழி.

பெற்றோர் அதிகமாக ஏமாறும் இடம் விளம்பரம். ‘கோர் ஐ5, 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 512 ஜிபி எஸ்எஸ்டி, வண்ண விளக்கு கேபினட், கேமிங் பிசி’ என்று ஒரு வரியும், மலைக்க வைக்கும் குறைந்த விலையும் கண்ணில் படும். அந்த வரியில் பொய் ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். ஐ5 என்பது ஒரு குடும்பப் பெயர்; அதில் 2012இல் வந்த மூன்றாம் தலைமுறையும் ஐ5தான், பத்தாண்டு கழித்து வந்த பன்னிரண்டாம் தலைமுறையும் ஐ5தான். ‘4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு’ என்பது 2014இல் வெளியான ஜிடி 730ஆக இருக்கலாம். அது வந்த காலத்திலேயே படம் பார்க்கவும் இரண்டு மானிட்டர் இணைக்கவும்தான் லாயக்கு. கார்டின் திறனைச் சொல்வது அதன் மாடல் எண். நினைவகத்தின் ஜிபியை மட்டும் பெரிதாக அச்சடித்து மாடல் எண்ணை மறைத்த விளம்பரம், மறைப்பதற்கு ஏதோ இருப்பதால்தான் மறைக்கிறது.

பழைய பிராசஸரால் வரும் வினை வேகக் குறைவோடு முடிவதில்லை. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐ முறைப்படி நிறுவ, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் வேண்டும். பிள்ளைகள் பலரும் ஆடும் வாலரன்ட், விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டும் இயங்கினால்தான் திறக்கும். குறுக்குவழியில் விண்டோஸ் 11 போட்டுக் கொடுத்த மூன்றாம் தலைமுறைக் கணினியில் அந்த ஆட்டம் வாசலிலேயே நின்றுவிடும்.

பெயர் ஒன்றாக இருந்தும் பொருள் வேறாக இருப்பது புதிய கார்டுகளிலும் உண்டு. 2022இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050 கார்டில் 8 ஜிபி நினைவகமும் 2,560 கணக்கிடும் கருக்களும் இருந்தன. 2024 பிப்ரவரியில் அதே பெயரில் வந்த 6 ஜிபி கார்டில் கருக்கள் 2,304. நினைவகத்துக்கான பாதையும் குறுகியது. இரண்டும் ‘ஆர்டிஎக்ஸ் 3050’ என்றுதான் பட்டியலில் வரும். ரேமிலும் ஒரு நுணுக்கம்: 16 ஜிபியை இரண்டு 8 ஜிபி துண்டுகளாகப் போட்டால் பிராசஸருக்கு இரண்டு பாதைகள் கிடைக்கும், ஒரே துண்டாகப் போட்டால் ஒரே பாதைதான். பிராண்டட் பெட்டிகள் பலவற்றில் ஒரே துண்டு இருப்பதைக் காணலாம். ‘பிறகு இன்னொன்று சேர்த்துக்கொள்ளலாம்’ என்ற நல்ல நோக்கம் என்று விற்பவர் சொல்வார். சேர்க்கும் வரை பல ஆட்டங்களில் வேகம் கண்ணுக்குத் தெரியும் அளவு குறைந்தே இருக்கும்.

ஆகவே எந்த வழியில் வாங்கினாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றே: ஒவ்வொரு பாகத்தின் முழுப் பெயரும் மாடல் எண்ணும் எழுதிய தாள். பிராசஸர், கார்டு இரண்டுக்கும் பெரும்பாலும் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். மதர்போர்டுக்கு ‘நல்ல போர்டு’ என்றும், எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ‘550 வாட்’ என்றும் மட்டும் எழுதிய தாள் முழுத் தாள் ஆகாது. பெரிய நிறுவனத்தின் விவரப் பக்கமும் இந்த விஷயத்தில் பல நேரம் தெருக்கடையைவிட மோசம்.

அந்த எஸ்எம்பிஎஸ்தான் இந்தக் கொள்முதலில் மிகவும் அலட்சியப்படுத்தப்படும் பாகம். ஆட்டத்தின் வேகத்தை அது துளியும் கூட்டாது. அதனால் பட்ஜெட் இடிக்கும்போது முதலில் கைவைப்பது அதன்மேல்தான். கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ‘450 வாட்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதன் அடியில் சிறிய எழுத்தில் உள்ள அட்டவணையைப் படித்தால் உண்மை தெரியும். இன்றைய கணினியில் பிராசஸரும் கார்டும் மின்சாரம் எடுப்பது 12 வோல்ட் வரியிலிருந்து. அந்த வரிக்கு 16 ஆம்பியர் என்று போட்டிருந்தால், 12ஐயும் 16ஐயும் பெருக்கினால் 192 வாட். 450 என்ற எண் வேறு வரிகளையும் கூட்டி, கொஞ்சம் கற்பனையையும் கலந்து வந்தது. நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றில் ஏறத்தாழ முழு அளவையும் 12 வோல்ட் வரி மட்டுமே தரும். ஆம்பியர் 45ஐ ஒட்டி இருக்கும்.

எத்தனை வாட் தேவை என்பதையும் இப்படியே கணக்கிடலாம். 2023 ஜூனில் 299 டாலருக்கு வெளியான ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 115 வாட் எடுக்கும். ஐ5-12400எஃப் பிராசஸர் முழு வேகத்தில் 117 வாட் வரை போகும். மதர்போர்டு, ரேம், விசிறிகள் எல்லாம் சேர்த்தும் 300ஐத் தாண்டாது. அந்தக் கார்டுக்கு ஆர்டிஎக்ஸ் வரிசையின் நிறுவனமான என்விடியா பரிந்துரைப்பது 550 வாட், அதுவே தாராளம். 850 வாட் வேண்டும் என்று கடையில் சொன்னால், அந்தப் பணத்தைக் கார்டில் போடலாம். ‘80 பிளஸ்’ முத்திரை, சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்பதை மட்டுமே அளக்கிறது. பாதுகாப்பு அமைப்புகள் நன்றாக வேலை செய்கின்றனவா என்பதை அந்த முத்திரை சொல்லாது. அதைவிட நம்பத்தக்க அடையாளம், தயாரிப்பாளர் தரும் வாரண்டிக் காலம். ஐந்து, ஏழு, பத்து ஆண்டுகள் தருபவர் தன் பொருளைப் பற்றி அறிந்தே தருகிறார்.

வாரண்டி என்று வந்தால்தான் மூன்று வழிகளுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு தெரிகிறது. பிராண்டட் கணினிக்கு ஒரு நிறுவனம், ஒரு தொலைபேசி எண். எந்தப் பாகம் கெட்டது என்று கண்டுபிடிப்பதும் அவர்கள் பொறுப்பு. ஆனால் காலம் பெரும்பாலும் ஓர் ஆண்டுதான்; நீட்டிக்கத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். தனித்தனியாக வாங்கிய பாகங்களுக்குக் காலம் நீளம்: பிராசஸர், மதர்போர்டு, கார்டு ஆகியவற்றுக்குப் பொதுவாக மூன்று ஆண்டுகள், எஸ்எஸ்டிக்கு மூன்று முதல் ஐந்து, ரேமுக்கு அதைவிடவும் அதிகம். ஆனால் கணினி திடீரென்று அணைந்தால் குற்றவாளி யார் என்று கண்டுபிடித்து, அந்தப் பாகத்தைக் கழற்றி, அதற்குரிய சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோவது வாங்கியவர் வேலை. ஊரில் அந்த நிறுவனத்துக்கு சர்வீஸ் சென்டர் இல்லையென்றால் கூரியரில் அனுப்ப வேண்டும். வாரக்கணக்கில் காத்திருக்கவும் நேரும்.

பொறுப்பு யாருடையது என்ற கேள்வி வெறும் பேச்சு அல்ல என்பதை 2024இல் பலரும் அனுபவித்தார்கள். இன்டெல்லின் 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில் உயர்ரக மாடல்கள் பல, தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டுக் காலப்போக்கில் சேதமடைந்தன. ஆட்டங்கள் பாதியில் நின்றன. இன்டெல் அந்த ஆகஸ்டில் திருத்தம் ஒன்றை வெளியிட்டதோடு வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டியது. பெட்டியில் பிராசஸர் வாங்கியவர்கள் நேரே இன்டெல்லிடம் போகலாம். முழுக் கணினி வாங்கியவர்கள் அந்தக் கணினியைச் செய்த நிறுவனத்தைத்தான் கேட்க வேண்டியிருந்தது. நல்ல நிறுவனம் என்றால் அது சுலபம். தெருமுனையில் கடை போட்டு, மறு ஆண்டே ஷட்டரை இறக்கிவிட்டவர் பூட்டியது என்றால் கேட்க ஆள் இல்லை. இதே காரணத்தால்தான் பெட்டி இல்லாமல் ‘ட்ரே’ பிராசஸர் என்று சற்று மலிவாக விற்பதை வாங்கும் முன் யோசிக்க வேண்டும். அதற்குத் தயாரிப்பாளரின் நேரடி வாரண்டி இல்லை, விற்றவரின் வாக்கு மட்டுமே. துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ மாமா வாங்கிவரும் கார்டுக்கும் பல நிறுவனங்கள் வாங்கிய நாட்டில்தான் வாரண்டி தருகின்றன.

மூன்று வழிக்கும் பொதுவானது ஜிஎஸ்டி பில். ‘பில் வேண்டாமென்றால் இவ்வளவு குறைத்துக்கொள்கிறேன்’ என்ற பேச்சு வரும். வாரண்டிக்கும் வழக்குக்கும் அந்தத் தாளே ஆதாரம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தான் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம். கடை வேறு ஊரில் இருந்தாலும் தடையில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமும் இல்லை.

இனி, வீட்டில் பூட்டுவது. பெற்றோர் அஞ்சும் அளவுக்கு இது மின்வேலை அல்ல. பற்றவைப்பு ஏதுமில்லை, ஒரு ஸ்க்ரூடிரைவரும் ஓர் ஓய்வான பிற்பகலும் போதும். பெரும்பாலான இணைப்பிகள் ஒரு பக்கமாக மட்டுமே நுழையும்படி செய்யப்பட்டவை. கவனம் தேவைப்படும் கட்டம் பிராசஸரை வைப்பது. இன்டெல் போர்டிலும் ஏஎம்டியின் இன்றைய ஏஎம்5 போர்டிலும் மயிரிழை போன்ற முனைகள் மதர்போர்டின் சாக்கெட்டில் நிற்கின்றன. பிராசஸரின் மூலையிலுள்ள சிறு முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தி, அழுத்தாமல், தன் எடையிலேயே உட்கார விட வேண்டும். ஒரு முனை வளைந்தாலும் வாரண்டி கிடையாது. மற்றவை சிறு தவறுகள்: பிராசஸரைக் குளிர்விக்கும் கூலரின் அடியில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் மாட்டுவது, ரேமைத் தவறான துளையில் போடுவது (இரண்டு துண்டு என்றால் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும்), கடைசியில் மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகிவிட்டு ‘படமே வரவில்லை’ என்று தவிப்பது. டிடிஆர்5 ரேம் உள்ள கணினி முதல்முறை உயிர்பெறும்போது ரேமைச் சோதித்துப் பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். அதுவரை திரை கருப்பாகவே இருக்கும். பதற்றத்தில் அணைத்து அணைத்துப் போடுபவர்கள் அந்தச் சில நிமிடங்களை அரை மணி நேரமாக்கிக்கொள்கிறார்கள். பிறகு பயாஸுக்குள் போய் ரேமின் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பை இயக்க வேண்டும். இல்லையென்றால் 6000 வேகத்துக்குப் பணம் கொடுத்த ரேம் 4800இல் ஓடிக்கொண்டிருக்கும். கடையில் பூட்டியதிலும் இந்த ஒன்று விட்டுப்போவது உண்டு.

பாகம் தேர்ந்தெடுக்கும்போது பழுதுக் காலத்தையும் மனத்தில் வைப்பவர் ஒரு சிறு தொகையைக் கூடுதலாகச் செலவிடுவார். ஐ5-12400, ஐ5-12400எஃப் இரண்டும் ஒரே பிராசஸர்தான். எஃப் எழுத்துள்ளதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை, அதனால் சற்று மலிவு. கார்டு பழுதாகி சர்வீஸுக்குப் போனால் எஃப் உள்ள கணினியில் திரையே எரியாது; மற்றதில் ஆட்டம் இல்லாவிட்டாலும் படிப்பும் ஆன்லைன் தேர்வும் நடக்கும். ஒரே கணினி உள்ள வீட்டுக்கு எஃப் இல்லாததே ஏற்றது. ஏஎம்டியில் ரைசன் 5 7600இல் உள்ளமைந்த கிராபிக்ஸ் உண்டு, 7500எஃப்இல் இல்லை.

கேபினட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினட் கடை விளக்கில் ஜொலிக்கும். ஏப்ரல் மாதத்து மதுரை அறையில் உள்ளே காற்று போக வழியில்லாமல் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முன்பக்கம் வலை, அதற்குப் பின்னால் இரண்டு விசிறி, கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டி இருந்தால் போதும்.

மின்சாரச் செலவு பயப்படும்படி இல்லை. பெட்டியும் மானிட்டரும் சேர்ந்து 300 வாட் எடுத்து, நாளுக்கு மூன்று மணி நேரம் ஆடினால் இரண்டு மாதக் கணக்கில் சுமார் 54 யூனிட்; தமிழ்நாட்டில் வீடுகளுக்குக் கிடைக்கும் 100 இலவச யூனிட்டில் பாதிக்குச் சற்று மேல். மின்வெட்டுதான் கவனிக்க வேண்டியது. கடைகளில் அதிகம் விற்கும் 600 விஏ யுபிஎஸ் ஏறத்தாழ 360 வாட்தான் தாங்கும். ஆட்டத்தின் நடுவே மின்சாரம் போனால் மூச்சுத் திணறும். 1,000 விஏ யுபிஎஸ் இருந்தால் சேமித்து அணைக்க நேரம் கிடைக்கும். வீட்டு இன்வெர்ட்டரையே நம்புவதென்றால் அதன் பின்னால் உள்ள சுவிட்சை யுபிஎஸ் நிலையில் வைக்க வேண்டும். மற்ற நிலையில் மாறும் நேரம் அதிகமாகி, கணினி அணைந்து மீண்டும் எழும். கேபினட்டின் இரும்பைத் தொட்டால் சுருக்கென்று அடிப்பதற்குக் கணினியைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் சுவரிலுள்ள மூன்று துளைச் சாக்கெட்டில் எர்த் சரியாக இல்லாதது. எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டியிலிருந்து கசியும் சிறு மின்சாரம் போக வழி இல்லாமல் உடலில் நிற்கிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்வது கணினி வாங்குவதற்கு முன்பே முடிய வேண்டிய வேலை.

இவற்றை வைத்துப் பார்த்தால் தேர்வு வீட்டுக்கு வீடு மாறும். ஊரில் நம்பத்தக்க கடையும் இல்லை, கழற்றிப் பார்க்க ஆளும் இல்லை, பழுதென்றால் வீட்டுக்கு ஆள் வர வேண்டும் என்றால் பிராண்டட் பெட்டியும் மூன்றாண்டு நீட்டித்த வாரண்டியும் கூடுதல் விலைக்குத் தகும். பிள்ளை ஏற்கெனவே பழைய கணினியைப் பிரித்துப் பார்த்தவன், பாகங்களைப் பற்றி மாதக்கணக்கில் படித்தவன் என்றால் அவனே பூட்டட்டும். முதல் பழுது வரும்போது அந்த அறிவு பயன்படும். பெரும்பாலான வீடுகளுக்கு நடு வழியே உகந்தது: பட்டியலைப் பிள்ளை தயாரிக்க, எழுதிய அதே பாகங்களைக் கடைக்காரர் கண்ணெதிரே பெட்டி பிரித்துப் பூட்டித் தருவது. ‘அந்த போர்டு ஸ்டாக் இல்லை, இது அதைவிடப் பெட்டர்’ என்று கடைசி நேரத்தில் வரும் மாற்றத்துக்கு அங்கேயே தலையாட்டக் கூடாது. விடுதியில் தங்கிப் படிக்கப் போகும் பிள்ளைக்கு மூன்றுமே பொருந்தாது; அவனுக்கு லேப்டாப்தான். ஆனால் ஆர்டிஎக்ஸ் 4060 என்ற அதே பெயர் லேப்டாப்பில் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் இருக்கலாம் என்பதால் அங்கேயும் வாட்டைக் கேட்க வேண்டும்.

கணினி கைக்கு வரும் நாளில் செய்ய வேண்டியவை சில. கடையிலேயே சிபியு-இசட், ஜிபியு-இசட் என்னும் இலவச மென்பொருள்களை ஓடவிட்டால் பிராசஸர், ரேம், கார்டு ஆகியவற்றின் உண்மைப் பெயர்கள் திரையில் தெரியும். அவற்றைத் தாளோடு ஒப்பிட வேண்டும். இணையத்தில் வாங்கியதென்றால் பார்சலைப் பிரிப்பதை ஒரே தொடர் காணொளியாக எடுப்பது நல்லது. உடைந்தோ மாறியோ வந்தால் விற்பவர்கள் பலர் முதலில் கேட்பது அதைத்தான். மாற்றித் தரும் காலம் பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாள். அதற்குள் கனமான ஆட்டம் ஒன்றை ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டு அணைகிறதா, திரை நெளிகிறதா என்று பார்த்துவிட வேண்டும். பாகங்களின் அட்டைப் பெட்டிகளை வாரண்டி முடியும் வரை பரணில் வைத்திருக்கலாம். கார்டின் பெட்டியில் ஒட்டியுள்ள வரிசை எண்ணும் பில்லில் எழுதிய எண்ணும் ஒத்துப்போகாவிட்டால், கடையை விட்டு இறங்கும் முன்பே பில்லைத் திருத்தி, முத்திரை போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.